வெள்ளிக்கிழமைக்குப் படித்தவர்

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் முகம் வந்துவிடும். கையுறை கேட்டு வந்தவனுக்கு ஹெல்மெட்டை எடுத்து நீட்டுவார். "அண்ணே, நான் கேட்டது கிளவுஸ்" என்றால், "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே அதே ஹெல்மெட்டை மறுபடியும் நீட்டுவார். மற்ற நாட்களில் ஒரு போல்ட் இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

துபாயில், ஜெபல் அலியில் நாங்கள் வேலை பார்த்த சைட்டுக்கு அவர் ஸ்டோர் கீப்பர், நான் டைம் கீப்பர். கேம்ப்பில் எங்களுக்கு ஒரே ரூம். நாலு வருஷம் அவருடைய கட்டிலுக்கு மேல்கட்டிலில் நான் படுத்திருக்கிறேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். நான் பட்டுக்கோட்டைப் பக்கம். கேம்ப் முழுக்க அவரை ஸ்டோர் அண்ணே என்றுதான் கூப்பிட்டது. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ரூமுக்கு வந்த இரண்டாம் வாரம். டூட்டி முடிந்து குளித்துவிட்டு மேலே ஏறிப் படுத்திருந்தேன். கீழேயிருந்து கட்டிலைத் தட்டினார்.

"தம்பி, இறங்கி வா. இண்டைக்கு நீ அவள்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே இறங்கினால், மடியில் பத்துப் பதினைந்து தாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஸ்டோர் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்தவை. வரிக்கு வரி பேனாவால் அடிக்கோடு.

"நான் சொல்லுவன், அந்த நெட்டை ஆட்டக்காரனை வாங்கக் கூடாதெண்டு. நீ சொல்லு, வாங்கத்தான் வேணுமெண்டு."

"எதுக்குண்ணே வாங்கணும்?"

"அதை நீதான் சொல்லோணும்."

எதிர்க்கட்டிலில் கிடந்த கருப்பையா, ராமநாதபுரத்துக்காரன், கிரேனுக்குச் சுமை கட்டுகிற ரிக்கர், போர்வையை விலக்கிச் சிரித்தான். "போன மாசம் நான் மகளா இருந்தேன். இப்ப உன் முறை. ஒழுங்காப் பேசிரு, இல்லன்னா விட மாட்டாரு."

அது ஆஸ்திரேலியாவில் ஆடுகிற ஒரு பந்தாட்டம். முட்டை மாதிரிப் பந்து, இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம், ஒரு அணிக்குப் பதினெட்டுப் பேர். காலாலும் ஆடலாம், கையாலும் குத்தலாம். ஆட்டம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அந்த வருஷத்து ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு நடக்கிற வியாபாரம் தலைகீழாகத் தெரியும். அக்டோபரில் ஒரு வாரம் கிளப்புகள் ஆட்டக்காரர்களைக் கொடுத்து வாங்கும். அதற்கு டிரேடு என்று பெயர். நவம்பரில் புதுப்பையன்களை வரிசையாகக் கூப்பிட்டு எடுப்பார்கள். அது டிராஃப்ட். அந்த வருஷம் கடைசியில் வந்த கிளப்புக்குத்தான் முதலில் எடுக்கும் உரிமை.

அந்தச் சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். "கடைசியா வந்தவனுக்கு முதல் தெரிவு. உலகத்தில வேற எங்கையாவது இப்பிடி இருக்கே? சொல்லு பார்ப்பம்."

எங்களுக்கு வேறெங்கும் தெரிந்திருக்கவில்லை.

மெல்பேர்னில் அவர் ஆறு வருஷம் இருந்தவர். அப்போது ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. சனி ஞாயிறில் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவினார். பிறகு மனைவியோடு பிரிவு வந்தது. விசா அந்தம்மாவின் பேரோடு ஒட்டியிருந்தது. அதனால் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. ஆறு வயது மகள் தாயோடு இருந்துவிட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வர இரண்டு தடவை விசாவுக்கு எழுதிப் போட்டார். இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மகளுக்குப் போன் பண்ணுவார். அங்கே அப்போது சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். ஆரம்ப வருஷங்களில் அந்தப் பேச்சு மூன்று நிமிஷம் தாண்டாதாம். சாப்பிட்டியா, ம். பள்ளிக்கூடம் எப்பிடி, ம். அவளுக்குத் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. இவருடைய இங்கிலீஷ் ஸ்டோர் இங்கிலீஷ். "அவள் ம் எண்டு சொல்லுறதிலயே எத்தினை விதம் இருக்கெண்டு எனக்குத் தெரியும், தம்பி" என்று ஒருமுறை சொன்னார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, அவள் திடீரென்று கிளப் தோற்றதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. யாரை விற்க வேண்டும், யாரை வாங்க வேண்டும், எந்தப் பையனை எடுக்க வேண்டும் என்று கொட்டித் தீர்த்தாள். இவருக்கு அதில் ஒரு வார்த்தை விளங்கவில்லை. போனை வைத்ததும் கம்ப்யூட்டர் இருக்கிற ஒரு கடையைத் தேடி நகருக்குள் சத்வாவுக்கு பஸ் ஏறினார். அன்று படிக்கத் தொடங்கியவர்தான்.

அந்தத் தாள்கள் எல்லாம் ரசிகர்கள் கூடிச் சண்டை போடுகிற ஒரு இணையப் பக்கத்திலிருந்து எடுத்தவை. ஒருவன் எழுதுவான், இரண்டாவது தெரிவை மட்டும் விட்டுக்கொடுத்தால் கிளப் நாசமாய்ப் போகும் என்று. அடுத்தவன், பையன்களை வளர்த்து வளர்த்துப் பத்து வருஷமாக என்னத்தைக் கண்டோம் என்பான். ஒருவரும் ஒருவரை மதிக்க மாட்டார்கள். அண்ணே அகராதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படிப்பார். ஒரே கருத்தோடு போனால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் கையில் இருக்க வேண்டும். மகள் எந்தப் பக்கம் நின்றாலும் கொஞ்சம் மறுத்து, கொஞ்சம் இழுத்து, கடைசியில் அவளிடம் தோற்க வேண்டும். அந்தத் தோல்வியைத்தான் வியாழக்கிழமைகளில் எங்களோடு பழகினார்.

ஒரு நாள் தந்தை மகன் சட்டம் என்று ஒன்றைச் சொன்னார். கிளப்புக்காக நூறு ஆட்டம் ஆடியவனுக்கு மகன் இருந்தால், அவனை எடுப்பதில் அந்தக் கிளப்புக்குத்தான் முன்னுரிமை.

கருப்பையா கேட்டான். "மகளா இருந்தா?"

"மகளுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை" என்றவர் தாள்களை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அந்த வாரம் ஒத்திகை அதோடு நின்றது.

படிப்பு எப்போதும் கைகொடுக்கவும் இல்லை. மகளுக்குப் பிடித்த ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். இருபத்து மூன்றாம் நம்பர் சட்டைக்காரன், குள்ளமானவன், முழங்கால் கெட்டுப்போனவன். அவனைக் கொடுத்துவிட்டு இன்னொரு டிராஃப்ட் தெரிவு வாங்கலாம் என்று ரசிகர்கள் அந்த வருஷம் எழுதித் தள்ளினார்கள். அவன் அவளுக்குப் பிடித்தவன் என்பது தெரியாமல் இவர் போனில், "அவனைக் குடுக்கிறதுதான் கிளப்புக்கு நல்லது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். நன்றாகப் பாடம் பண்ணின வாக்கியம். அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது. ஒரு வாரம் கழித்து கிளப் அவனை நிஜமாகவே கொடுத்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவள் போனை எடுக்கவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. அதற்கடுத்த வெள்ளியும்.

இவருக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொன்னதால்தான் கிளப் அவனை விற்றது என்பதுபோல நடந்துகொண்டார். இரண்டு நாள் உட்கார்ந்து கிளப்புக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். அந்த ஆட்டக்காரனைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏதாவது வழி இருந்தால் தயவுசெய்து யோசிக்க வேண்டும், இதனால் ஒரு சிறுபிள்ளை மிகவும் மனமுடைந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தது. பிழை நிறைய இருந்தது. நான் இரண்டை மட்டும் திருத்திவிட்டுக் கொடுத்தேன்.

"இது நடக்குமாண்ணே?"

"நடக்காது. ஆனா நான் எழுதினனான் எண்டு அவளுக்குச் சொல்லலாம்தானே."

நாலாவது வெள்ளி அவள் எடுத்தாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்தாளாம். கேம்ப் வாசலில், வெயிலில் நின்றுகொண்டே எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வாய் சிரித்தது. கன்னமெல்லாம் ஈரம்.

சைட்டில் சேஃப்டி மேனேஜர் ஒரு ஆஸ்திரேலியர். பனைமரம் மாதிரி இருப்பார். ஒரு நாள் ஸ்டோருக்குக் கையெழுத்துப் போட வந்தவர், மேஜையில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டார். அவருக்கும் அதே கிளப். அதிலிருந்து தினமும் பத்து மணி டீக்கு ஸ்டோருக்கு வந்துவிடுவார். அந்த நெட்டை ஆட்டக்காரனை வாங்கியே தீர வேண்டும் என்பது அவர் கட்சி. பையனை எடுத்து வளர்க்க மூன்று வருஷம் ஆகும், அதுவரை காத்திருக்கத் தனக்கு வயதில்லை என்பார். "எனக்கும்தான் வயதில்லை சார், ஆனால் பிள்ளைகள் வளர்ந்துதானே ஆக வேண்டும்" என்று அண்ணே மறுப்பார். சேஃப்டி ஷூ பெட்டிகளை அடுக்கி, இது நம்முடைய முன்வரிசை, இது பின்வரிசை என்று இருவரும் விளையாட்டுப் பிள்ளைகள் மாதிரிக் குந்தியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதம்தான் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு.

கெடுத்தது நான். "அண்ணே, அவ்வளவு பெரிய ஆளு உங்களோட சரிக்குச் சரி பேசுறாரு. விசாவுக்கு ஒரு லெட்டர் கேட்டுப் பாருங்களேன்."

"வேண்டாம் தம்பி. அந்த மனிசனோட நான் கதைக்கிறது பந்து மட்டும்தான். அதைப் பழுதாக்கக் கூடாது."

நான் விடவில்லை. கருப்பையாவும் சேர்ந்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு ஏதோ பரிசு கொடுக்கிற நாள் வந்தது, பெற்றவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதைக் கேட்ட மறுநாள் அண்ணே சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனார். பத்து மணி டீயின்போது கேட்டுவிட்டார்.

அந்த ஆள் கெட்டவர் இல்லை. டீயைக் கீழே வைத்தாராம். இப்படிப்பட்ட விஷயங்களில் தான் எழுதினால் கம்பெனிக்குச் சிக்கல், பார்க்கிறேன் என்றாராம். அதற்குப் பிறகு பத்து மணிக்கு அவர் வரவில்லை. கையெழுத்து வாங்க வேண்டிய தாளுக்கு ஆபீஸ் பையனை அனுப்பினார். வழியில் பார்த்தால் கையை ஆட்டிவிட்டு நடையைக் கூட்டினார். அண்ணே எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷூ பெட்டிகளைத் திரும்ப அலமாரியில் அளவு வாரியாக அடுக்கினார். என்னால் அவரைக் கண்ணெடுத்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு துபாயில் வேலைகள் நின்றன. கிரேன்கள் அப்படி அப்படியே வானத்தில் நின்றன. எங்கள் சைட்டில் முந்நூறு பேர் நூறானோம். ஸ்டோர்கள் இரண்டை ஒன்றாக்கினார்கள். ஒரு ஸ்டோர் கீப்பர் போதும் என்றாகிவிட்டது. அண்ணேயை ஊருக்கு அனுப்பவில்லை, சவுதியில் ஜுபைலில் இருந்த கூட்டுக் கம்பெனிக்கு மாற்றினார்கள். அங்கேயிருந்து ஒரு வெல்டர் இங்கே வந்தார். இலங்கையில் அப்போதுதான் சண்டை முடிந்திருந்தது. கூடப்பிறந்த தம்பியின் குடும்பம் எந்த முகாமில் இருக்கிறது என்றே அவருக்கு அப்போது தெரியாது. அங்கே திரும்பிப்போக முடியாது. ஜுபைல் கிடைத்ததே பெரிது.

கருப்பையா அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். "கடைசில உங்களையும் டிரேடு பண்ணிட்டாங்களாண்ணே."

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அது விளையாட்டு. அதை இதோட சேர்க்காதை." மறுபடியும் பெட்டியில் துணியை அடுக்கினார்.

அவர் போனது அக்டோபர் தொடக்கத்தில். டிரேடு வாரம் வரப்போகிற நேரம். "அங்கை ஸ்டோரில கம்ப்யூட்டர் இல்லையாம், தம்பி. நீ பார்த்து வை. யாரைக் குடுத்தினம், யாரை எடுத்தினம் எண்டு எல்லாம் பார்த்து வை" என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே போய் இறங்கிய அன்று யாருடைய போனிலிருந்தோ இரண்டு நிமிஷம் பேசினார். இக்காமா என்கிற குடியிருப்பு அட்டை வராமல் சிம் கொடுக்க மாட்டார்களாம். மற்றவனுடைய போனில் ஆஸ்திரேலியாவுக்குப் பேச எப்படிக் கேட்பது என்றார். அத்தோடு சத்தமில்லை.

ஒரு வெள்ளி போனது. இரண்டு, மூன்று போனது. நான் வியாழக்கிழமைதோறும் அந்தப் பக்கங்களைத் திறந்து பிரிண்ட் எடுத்து வைத்தேன். அவருடைய கட்டிலில் அந்த வெல்டர் படுத்திருந்தார்.

நாலாவது வெள்ளி என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண்குரல், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தது.

"அங்கிள்... நான் அவர்ட மகள். அப்பா ஓகேயா?"

முன்பு ஒருமுறை அண்ணேயுடைய போனில் சார்ஜ் இல்லாமல் என் போனிலிருந்து பேசியிருந்தார். அந்த நம்பரை அவள் வைத்திருந்திருக்கிறாள். அவர் இடம் மாறியதையும், சிம் கிடைக்காததையும் நான் மெதுவாக, பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னேன். அவள் மூச்சு விட்டது கேட்டது. அவளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "டிரேடு நியூஸ் எல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேம்மா, அப்பா கூப்பிட்டதும் படிச்சுக் காட்டிருவேன்" என்றேன்.

"எனக்கு அந்த கேம் இப்ப விருப்பம் இல்லை, அங்கிள். டூ இயர்ஸ். ஸ்கூல்ல இருந்து டிரெயின்ல வரும்போது பேப்பர் வாசிப்பன். ஃப்ரைடே மட்டும். அப்பாவுக்கு அதுதானே விருப்பம். வேற ஒண்டும் அவர் கதைக்க மாட்டார்."

எனக்குப் போனை மறு காதுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவள் கேட்டாள்.

"அப்பாவுக்கு வேற என்ன விருப்பம்?"

நாலு வருஷம் ஒரே ரூம். ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நின்றிருக்கிறோம். அவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும், என்ன நிறம் பிடிக்கும், சின்ன வயதில் என்ன செய்தார், எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் பேசியதெல்லாம் இருபத்து மூன்றாம் நம்பரும் இரண்டாவது தெரிவும்தான். அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மீன் குழம்பும்மா. அப்பாவுக்கு மீன் குழம்புன்னா உயிரு."

"மீன் குழம்பு" என்று அவள் திருப்பிச் சொன்னாள், எழுதிக்கொள்கிறவள் மாதிரி.

அடுத்த புதன்கிழமை அவருக்கு சிம் கிடைத்தது. என்னைக் கூப்பிட்டு, நான் படிக்கப் படிக்க ஒரு மணி நேரம் எழுதினார். மகள் போன் பண்ணியதை மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"தம்பி, என்னவோ பிழைச்சுப்போச்சு. முக்கால் மணித்தியாலம் கதைச்சனாங்கள். கிளப்பைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை. நானா எடுத்தாலும் பிடி குடுக்கிறாளில்லை. மீன் குழம்பு எப்பிடி வைக்கிறது, ஊரில என்ன மீன், ஆர் சமைக்கிறது, இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக் கிடக்கு. அவளுக்குக் கிளப் வெறுத்துப்போச்சுதோ? இனி என்னோட என்னத்தைக் கதைக்கப்போறாள்?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. டிரெயினில் பேப்பர் வாசித்ததையும், இரண்டு வருஷமாக அவருக்காகத்தான் அதைப் பேசினாள் என்பதையும், மீன் குழம்பு நான் சொன்ன பொய் என்பதையும் சொல்லிவிட்டேன்.

நீண்ட நேரம் அந்தப் பக்கம் லாரி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ரெண்டு வருசமா?" என்றார்.

"ஆமாண்ணே."

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அடுத்த கிழமை செய்முறை சொல்லுறன் எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன். எனக்கு மீன் கழுவக்கூடத் தெரியாது. உனக்குத் தெரியுமே?"

"தெரியும்ண்ணே."

"அப்ப முதல்ல இருந்து சொல்லு. மெதுவாச் சொல்லு, எழுதோணும்."